கல்லூரி தந்த முகவரி

சேர்க்கை நாளன்று கிடைக்கும் மின்னஞ்சல் கணக்கு வெறும் சம்பிரதாயம் அன்று. அதை ஆளவும் அதன் பழுதை அறியவும் ஒவ்வொரு மாணவருக்கும் கற்பிப்பது கல்லூரியின் கடமை.

கலந்தாய்வில் இடம் பெற்று, கட்டணம் செலுத்தி, மாற்றுச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் ஒப்படைத்துவிட்டுக் கல்லூரி அலுவலகத்தின் வாசலில் வந்து நிற்கும் புதிய மாணவருக்கு, அடையாள அட்டை, விடுதி அறையின் எண், கல்லூரிப் பேருந்தின் தடம் முதலிய விவரங்களோடு, அவருடைய பதிவு எண்ணைத் தாங்கிய மின்னஞ்சல் முகவரி ஒன்றும் தற்காலிகக் கடவுச்சொல் ஒன்றும் தரப்படுகின்றன. மற்றவற்றின் பிரயோஜனம் அன்றைக்கே விளங்கிவிடுகிறது. இதன் பிரயோஜனமோ பல மாதங்கள் கழித்து, பெரும்பாலும் ஏதேனும் ஒரு நல்ல சந்தர்ப்பம் கை நழுவிப் போன பிறகுதான் விளங்குகிறது.

தேர்வுக் கட்டணத்தின் கடைசித் தேதி, உதவித்தொகைப் படிவத்தில் கண்ட குறை, இணையவழிப் பாடத்தின் தேர்வு அறிவிப்பு, வளாகத் தேர்வுக்கு வரும் நிறுவனத்தின் அழைப்பு ஆகிய யாவும் அந்த ஒரு முகவரியை நாடியே வருகின்றன. 2025 ஜனவரியில் மத்திய அரசு தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்தின் கீழ் ஏறத்தாழ 13,000 ஆராய்ச்சி இதழ்கள் அரசுக் கல்வி நிறுவனங்களின் மாணவர்களுக்குத் திறந்துவிடப்பட்டிருக்கின்றன. இத்தகைய அறிவுச் செல்வத்தை வளாகத்துக்கு வெளியே இருந்துகொண்டு அணுகும் மாணவருக்கு, ‘இவர் எங்களைச் சேர்ந்தவர்தாம்’ என்று கல்லூரி சாட்சி சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட கணக்கின் வாயிலாகவே.

தாயோ தந்தையோ, அண்ணனோ அக்காளோ முன்பே கல்லூரி கண்ட குடும்பத்திலிருந்து வருகிறவர், இந்தக் கணக்கில் ஏதேனும் சங்கடம் நேர்ந்தால் இரவு உணவின்போது வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வார். முதல் பட்டதாரிச் சான்றிதழோடு வந்து சேர்கிற மாணவருக்கோ, கேட்பதற்கு வீட்டில் ஆள் இல்லை. வகுப்பில் கேட்கக் கூச்சம். அலுவலகத்தில் கேட்கப் பயம். ஆகவே, யாரும் கற்பிக்காமல் விட்ட ஒரு சாமானியத் திறமை இல்லாமையால் விளையும் நஷ்டம், அதைத் தாங்குவதற்குச் சற்றும் சக்தி இல்லாதவர்கள் மேலேயே போய் விழுகிறது. இந்த அநீதி நீங்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். மின்னஞ்சலில் நேரும் கோளாறுகள் யாவும் காரண காரியத் தொடர்பு உள்ளவை. காரணம் தெரிந்துவிட்டால் அவற்றில் பெரும்பாலானவற்றை மாணவரே சரிசெய்துகொள்ளலாம். மிஞ்சியவற்றை இன்னாரிடம் இன்னவாறு சொல்ல வேண்டும் என்று தெளிந்துகொள்ளலாம்.

கல்விச்சாலைகளில் பிறந்த கலை

மின்னஞ்சலின் ஆதி வரலாறு பெரும்பகுதி கல்விச்சாலைகளின் வரலாறாகவே இருக்கிறது. ஒரே கணினியைப் பலர் பங்கிட்டு உபயோகித்து வந்த காலத்தில், 1965ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய டாம் வான் வ்ளெக், நோயல் மாரிஸ் என்னும் இருவர், ஒருவர் மற்றொருவருக்குச் செய்தி விட்டுச் செல்வதற்கான கட்டளை ஒன்றை எழுதினார்கள். 1971இல் ரே டாம்லின்சன், அர்ப்பாநெட் என்ற வலையமைப்பில் ஒரு கணினியிலிருந்து வேறொரு கணினிக்குக் கடிதம் அனுப்பி, பயனரின் பெயருக்கும் கணினியின் பெயருக்கும் நடுவில் ‘அட்’ குறியை நிறுத்தினார். 1986இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் கிறிஸ்பின் வகுத்த ஐமேப் என்னும் நெறிமுறை, கடிதங்கள் சர்வரிலேயே பத்திரமாக இருக்க, அவற்றை எங்கிருந்தும் எந்தக் கருவியிலிருந்தும் வாசிக்கும் வசதியை உண்டாக்கியது.

நம் தேசத்திலும் அப்படித்தான். 1986இல், ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மின்னணுத் துறை தொடங்கிய எர்னெட் என்னும் கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பில், சென்னை உள்ளிட்ட ஐந்து ஐ.ஐ.டி.க்களும், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும், பம்பாயில் இருந்த தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையமும் இணைந்தன. வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய வசதி அளித்ததோ 1995 ஆகஸ்டு 15ஆம் தேதிதான். கல்லூரி முகவரிகளின் இறுதியில் காணும் ‘ஏசி டாட் இன்’ என்னும் பகுதியை இன்றும் எர்னெட் ஸ்தாபனமே பதிவுசெய்து தருகிறது. தகுதியுள்ள கல்வி நிறுவனத்துக்கன்றி மற்றவர்க்கு அது கிடைப்பதில்லை. அந்த முகவரிக்கு வெளியுலகம் தரும் மதிப்புக்கு இதுவே அடிப்படை.

பிரௌசரில் திறந்து வாசிக்கும் அஞ்சலைத்தான் வெப்மெயில் என்கிறோம். இன்று கல்லூரிகளில் இது இரண்டு விதமாக இருக்கிறது. சில கல்லூரிகள் தங்கள் சொந்த சர்வரில் 1999இல் தோன்றிய ஸ்குவிரல்மெயில், 2005இல் எழுதத் தொடங்கப்பட்ட ரவுண்ட்கியூப் போன்ற இலவச மென்பொருள்களை நிறுவி நடத்துகின்றன. ஏராளமான கல்லூரிகள் கூகுளிடமோ மைக்ரோசாஃப்டிடமோ இப்பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, முகவரியில் மட்டும் தங்கள் பெயரை வைத்துக்கொண்டிருக்கின்றன. தம்முடையது எவ்வகை என்று மாணவர் முதல் நாளே கேட்டு அறிந்துகொள்வது நல்லது. எவ்வகையானாலும் ஒன்று நிச்சயம்: கல்லூரிக் கணக்கின் கடவுச்சொல்லை மறந்து, மீட்பு வசதியும் உதவாவிட்டால், அதைப் புதுப்பித்துத் தரும் அதிகாரம் அந்தக் கல்லூரியின் சிஸ்டம் அட்மினுக்கே உரியது. பெரிய நிறுவனத்தின் உதவிப் பக்கங்களில் நாள் முழுவதும் தேடி அலைவதால் பயன் இல்லை.

முதல் நாள் செய்ய வேண்டியவை

கல்லூரியின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து அஞ்சல் பக்கத்தை ஒருமுறை திறந்து, அந்த முகவரியைப் பிரௌசரில் குறித்து வைத்துக்கொண்டு, எப்போதும் அதன் வழியாகவே நுழைவதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். தேடுபொறியில் தேடி, முதலில் தென்படும் பக்கத்தில் கடவுச்சொல்லை இடுவது அபாயகரமானது. பிறந்த தேதியையோ பதிவு எண்ணையோ கொண்டு ஆக்கிய தற்காலிகக் கடவுச்சொல், வகுப்பில் உள்ள யாவராலும் ஊகிக்கத்தக்கது. ஆதலால் அதை அன்றே மாற்றி, வேறெந்தத் தளத்திலும் உபயோகிக்காத, நீளமான ஒன்றை வைக்க வேண்டும். மீட்புக்கென்று ஒரு கைபேசி எண்ணைப் பதிந்துகொள்ளும்போது, அது தம்மிடமே நிலையாக இருக்கக்கூடிய எண்ணாக இருத்தல் அவசியம். சேர்க்கைக் காலத்தில் தந்தையின் எண்ணைக் கொடுத்துவிட்டு, பின்னர் நள்ளிரவில் ஊருக்குத் தொலைபேசி செய்து ஓ.டி.பி. கேட்டுத் தவிப்பவர்கள் பலர்.

இரண்டாம் அடுக்குப் பாதுகாப்பாகக் கைபேசிச் செயலி ஒன்று ஆறு இலக்க எண்ணைக் காட்டுவதாக அமைத்துக்கொண்டவர்கள், அந்த எண் சாதாரணமாக 30 விநாடிக்கு ஒருமுறை மாறுகிறது என்பதையும், நேரத்தை ஆதாரமாகக் கொண்டே அது கணக்கிடப்படுகிறது என்பதையும் மனத்திற்கொள்ள வேண்டும். கைபேசியின் கடிகாரம் ஓரிரு நிமிஷம் பிசகியிருந்தாலும் சரியான எண்ணே தவறென்று தள்ளப்படும். நேரத்தைத் தானியங்கியாக விட்டுவிட்டால் இந்தச் சிரமம் அக்கணமே நீங்கிவிடும். அமைக்கும்போது தரப்படும் மாற்றுக் குறியீடுகளை ஒரு காகிதத்தில் எழுதிப் பெட்டியில் வைத்துக்கொண்டால், கைபேசி தொலைந்தாலும் கணக்கு தொலையாது.

நுழைய முடியவில்லை என்றால்

பழுது பார்ப்பதில் தலையாய விதி ஒன்றுதான்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கடவுச்சொல்லை மாற்றி, பிரௌசரையும் மாற்றி, செயலியையும் நீக்கி மறுபடி நிறுவியவருக்கு, கோளாறு தீர்ந்தாலும் எதனால் தீர்ந்தது என்று தெரியாது. தீராவிட்டால் மூன்று புதிய குழப்பங்கள் சேர்ந்திருக்கும்.

முதலில், அது நம் கோளாறா, எல்லோருடைய கோளாறா என்று அறிய வேண்டும். பக்கத்து அறை நண்பருக்கும் திறக்கவில்லையென்றால் பிழை சர்வரிலோ விடுதியின் வைஃபையிலோ இருக்கிறது. மொபைல் டேட்டாவில் திறந்தால் வைஃபைதான் காரணம். பல விடுதிகளில் வைஃபைக்கே தனியாக உள்நுழைவுப் பக்கம் உண்டு. அதில் நுழையாதவரையில் அஞ்சல் பக்கம் திறக்காது. பாதுகாப்புச் சான்றிதழ் சரியில்லை என்ற எச்சரிக்கையும் வரக்கூடும். அந்த எச்சரிக்கையைத் தாண்டிச் சென்று கடவுச்சொல்லைத் தட்டக் கூடாது. முதலில் வைஃபைக்குள் முறைப்படி நுழைந்துவிட்டு, கருவியின் தேதி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, பிறகு முயல வேண்டும்.

நமக்கு மட்டுமே திறக்கவில்லையென்றால், பயனர் பெயருக்கான இடத்தில் பதிவு எண்ணை மட்டும் இட்டோமா, முழு முகவரியையும் இட்டோமா என்று கவனிக்க வேண்டும். சில சர்வர்கள் ஒன்றையும் சில மற்றொன்றையும் எதிர்பார்க்கின்றன. பிரௌசர் பழைய கடவுச்சொல்லை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்ப நிரப்புவது மிகச் சகஜமான காரணம். பிரௌசரின் தனிச் சாளரம் ஒன்றைத் திறந்து, கையாலேயே தட்டிப் பார்த்தால் உண்மை வெளிப்பட்டுவிடும். அங்கே திறந்தால், குக்கீகளையும் சேமித்த கடவுச்சொல்லையும் அழித்தல் போதுமானது.

மாணவர்களை அதிகம் அலைக்கழிக்கும் வேறொரு சங்கடமும் உண்டு. பேராசிரியர் அனுப்பிய படிவத்தையோ வகுப்பின் கோப்பையோ திறந்தால், ‘உங்களுக்கு அனுமதி இல்லை’ என்ற வாசகம் வருகிறது. பேராசிரியர் அனுமதி தரவில்லை என்று எண்ணி வருந்துகிறார்கள். மெய்யான காரணம், அதே பிரௌசரில் சொந்தக் கணக்கும் திறந்திருப்பதும், படிவம் அந்தச் சொந்தக் கணக்கின் பெயரால் திறக்கப்படுவதும்தான். கல்லூரிக் கணக்குக்கென்று பிரௌசரில் தனி சுயவிவரம் ஒன்றை உண்டாக்கி, இரண்டையும் பிரித்து வைத்துவிட்டால், நான்காண்டுகளுக்கும் இந்தத் தொல்லை இராது.

கடவுச்சொல்லை மாற்றிய சில மணி நேரத்தில் கணக்கு பூட்டப்பட்டுவிட்டால், பழைய கைபேசியிலோ டேப்லட்டிலோ இருக்கும் அஞ்சல் செயலி, பழைய கடவுச்சொல்லோடு இடைவிடாமல் சர்வரின் கதவைத் தட்டிக்கொண்டிருக்கலாம். அந்தச் செயலியில் புதிய கடவுச்சொல்லை இட்டால் பூட்டு மறுபடி விழாது. சொந்த சர்வர் வைத்திருக்கும் கல்லூரிகளில் செயலியை அமைக்கும்போது, வாசிக்க ஐமேப் 993, அனுப்ப எஸ்.எம்.டி.பி. 587 என்னும் துறை எண்கள் வழக்கமானவை. வாசிக்க முடிகிறது, அனுப்ப முடியவில்லை என்றால், அனுப்பும் சர்வருக்கும் கடவுச்சொல் தேவை என்ற குறி இடப்படாமல் விடுபட்டிருக்கும்.

வராத கடிதமும் திரும்பி வந்த கடிதமும்

‘அனுப்பிவிட்டோம்’ என்கிறது அலுவலகம். ‘வரவில்லை’ என்கிறார் மாணவர். இருவரும் சொல்வது உண்மையாகவே இருக்கக்கூடும். ஸ்பாம் பகுதியை வாரம் இருமுறையேனும் திறந்து பார்ப்பது இன்றியமையாதது. ஜிமெயில் முறையில் அங்கே ஒதுக்கப்பட்ட கடிதம் 30 நாட்களுக்குப் பிறகு தானே அழிந்துவிடுகிறது. நல்ல கடிதம் ஸ்பாமில் போய் விழுவதற்கும் காரணம் உண்டு. ஒரு முகவரியின் பெயரால் கடிதம் அனுப்ப எந்த சர்வருக்கு உரிமை உண்டு என்று பிரகடனம் செய்யும் எஸ்.பி.எஃப்., கடிதத்தின் மீது கையொப்பம் இடும் டி.கே.ஐ.எம்., இவ்விரண்டும் பொருந்தாதபோது என்ன செய்ய வேண்டும் என்று அறிவிக்கும் டி.எம்.ஏ.ஆர்.சி. என்னும் மூன்று ஏற்பாடுகளையும், மொத்தமாகக் கடிதங்கள் அனுப்புவோர் (கூகுளின் கணக்கில், நாளொன்றுக்கு 5,000க்கு மேல்) செய்திருக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரி முதல் வற்புறுத்தி வருகின்றன. இவற்றைச் செம்மையாகச் செய்யாத ஸ்தாபனத்தின் சுற்றறிக்கை, எவ்வளவு நியாயமானதாயினும் சந்தேகத்துக்கு ஆளாகிறது.

கல்லூரி அஞ்சலைச் சொந்த முகவரிக்குத் தானாகவே திருப்பிவிடுவது சௌகரியமாகத் தோன்றும். ஆனால் திருப்பிவிடும் சர்வர், முதலில் அனுப்பியவரின் அனுமதிப் பட்டியலில் இல்லாததால், எஸ்.பி.எஃப். சோதனையில் கடிதம் தவறிப்போக இடம் உண்டு; மறுமொழியும் சொந்த முகவரியிலிருந்தே சென்று, பெறுபவருக்குக் குழப்பத்தை உண்டாக்கும். ஆகையால் கல்லூரிப் பெட்டியையே அன்றாடம் திறந்து வாசிப்பதுதான் க்ஷேமமானது.

இடம் நிரம்பிவிட்டால் கடிதம் வராது. கூகுள் கல்வி நிறுவனங்களுக்கு அளித்துவந்த வரம்பற்ற சேமிப்பு 2022 ஜூலை முதல் மாறி, நிறுவனம் முழுவதற்கும் அடிப்படையாக 100 டி.பி. என்று ஆனது. 5,000 கணக்குகள் உள்ள கல்லூரியில் அதைச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்குச் சுமார் 20 ஜி.பி. வரும். பல கல்லூரிகள் தனி வரம்பு விதித்ததன் காரணம் இதுவே. சொந்த சர்வர் உள்ள கல்லூரிகளில் வரம்பு இன்னும் குறைவாக இருக்கலாம். நீக்கிய கடிதங்களும் குப்பையைக் காலி செய்யும்வரை இடத்தை அடைத்துக்கொண்டேயிருக்கும். அளவில் பெரியவற்றைத் தேடி, பழைய இணைப்புகளைக் கணினியில் இறக்கிக்கொண்டு நீக்குவது உத்தமமான வழி.

பெரிய கோப்பு அனுப்பும்போது வேறொரு கணக்கும் உண்டு. இணைப்பு, எழுத்து வடிவமாக மாற்றப்பட்டே பிரயாணம் செய்கிறது. மூன்று பைட்டுகள் நான்காக விரிகின்றன. எனவே சர்வரின் வரம்பு 25 எம்.பி. என்றால், 19 எம்.பி. கோப்பே அதைக் கடந்துவிடும். பிராஜெக்ட் அறிக்கை போன்றவற்றை டிரைவில் வைத்துச் சுட்டியை அனுப்பி, பெறுபவருக்கு அதைத் திறக்கும் அனுமதியையும் மறவாமல் கொடுப்பது நலம்.

அனுப்பிய கடிதம் ஆங்கில வாசகங்களும் எண்களும் நிறைந்த அறிக்கையோடு திரும்பி வந்தால், பயந்து அதை அழித்துவிடக் கூடாது. தபால்காரர் ‘விலாசதார் இல்லை’ என்று குறித்து உறையைத் திருப்பித் தருவது போல, அந்த அறிக்கை காரணத்தைத் தெளிவாகச் சொல்கிறது. அதில் 4 என்ற இலக்கத்தில் தொடங்கும் மூன்று இலக்க எண் இருந்தால் தடை தற்காலிகமானது. சர்வர் தானே மறுபடி முயலும். 5இல் தொடங்கினால் தடை நிலையானது. நாம் எதையாவது திருத்தினாலன்றிப் போகாது. 550 என்பதற்கு முகவரி இல்லை என்றோ, ஏற்க மறுக்கப்பட்டது என்றோ பொருள். 552 என்பது அளவோ இடமோ மிஞ்சியதைக் குறிக்கும். பெரும்பாலும் முகவரியில் ஓர் எழுத்துப் பிழையே குற்றவாளியாக இருக்கும்.

வஞ்சகக் கடிதங்கள்

‘உங்கள் அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணி நேரத்தில் உறுதி செய்யாவிட்டால் கணக்கு மூடப்படும்’ என்று மிரட்டும் கடிதமும், ‘இன்டர்ன்ஷிப் உறுதி, பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புக’ என்று ஆசை காட்டும் கடிதமும் மாணவர்களையே குறிவைத்து வருகின்றன. கல்லூரி முகவரியிலிருந்தே வந்தாலும் நம்பிவிடலாகாது. சக மாணவர் ஒருவருடைய கணக்கைக் கைப்பற்றிய வஞ்சகர், அதிலிருந்தே மற்றவர்களுக்கு அனுப்புவது வழக்கம். எந்த சிஸ்டம் அட்மினுக்கும் மாணவரின் கடவுச்சொல் தேவைப்படுவதில்லை. கேட்கிறவர் அட்மின் அல்லர்.

ஏமாந்து கடவுச்சொல்லைத் தந்துவிட்டவர் வெட்கப்பட்டு மறைக்க வேண்டியதில்லை. விரைந்து செயல்பட வேண்டும். உண்மையான பக்கத்தில் நுழைந்து கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் கட்டளையைக் கொடுத்து, அதன் பிறகு மிக முக்கியமாக, ஃபில்டர் விதிகளையும் திருப்பிவிடும் முகவரியையும் சோதிக்க வேண்டும். வரும் கடிதங்களையெல்லாம் தம் முகவரிக்குத் திருப்பிவிடும் விதி ஒன்றை வஞ்சகர் இரகசியமாக எழுதி வைத்துவிட்டால், கடவுச்சொல் மாறிய பின்பும் அவர் வாசித்துக்கொண்டிருப்பார். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவிக்க வேண்டும்.

முறையிடும் முறை

தாமாகத் தீர்க்க முடியாததை அட்மினிடம் எழுதும்போது, ‘மெயில் ஓப்பன் ஆகவில்லை’ என்று மொட்டையாக எழுதினால், அவர் பதிலுக்கு ஐந்து கேள்விகள் கேட்க, மூன்று நாள் வீணாகும். இப்படி எழுதலாம்: ‘ஐயா, என் பதிவு எண் இது. இன்று காலை 9.40 முதல் வெப்மெயிலில் நுழைய முடியவில்லை. விடுதி வைஃபை, மொபைல் டேட்டா இரண்டிலும், கணினி, கைபேசி இரண்டிலும் முயன்றேன். தனிச் சாளரத்திலும் அதே நிலை. திரையில் தோன்றிய வாசகத்தின் படத்தை இணைத்துள்ளேன். நேற்று மாலை கடவுச்சொல்லை மாற்றினேன். நாளை மாலை 5 மணிக்குள் உதவித்தொகைப் படிவம் அனுப்ப வேண்டியிருப்பதால் உதவக் கோருகிறேன்.’ எப்போது, எங்கே, எதில், என்ன வாசகம், முன்பு என்ன மாறியது, எவ்வளவு அவசரம் என்னும் ஆறும் இதில் அடங்கிவிட்டன. கடவுச்சொல் மட்டும் இதில் இல்லை, இருக்கவும் கூடாது.

படிப்பு முடியும் வேளையில்

பட்டம் பெற்ற சில மாதங்களில் கணக்கு மூடப்படுவது பல கல்லூரிகளின் வழக்கம். நான்காண்டுக் கடிதங்களும், குறிப்புகளும், பிராஜெக்ட் கோப்புகளும், சிபாரிசுக் கடிதங்களும் அதோடு மறையும். ஆகவே கடைசிப் பருவத்திலேயே, கூகுள் கணக்கானால் டேக்அவுட் வழியாகவும், மற்றவற்றில் ஐமேப் செயலி ஒன்றின் வழியாகவும் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த முகவரியைக் கொடுத்துப் பதிவுசெய்த பாடத்தளங்கள், வேலைவாய்ப்புத் தளங்கள், வங்கி ஆகியவற்றில் சொந்த முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லையேல், பிறகு அங்கே கடவுச்சொல் மறந்தால், மீட்புக் கடிதம் இல்லாத ஒரு பெட்டிக்குப் போகும்.

கல்லூரி நிர்வாகங்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பொறியியல் கல்லூரிகளில் முதலாண்டு மாணவருக்கென்று மூன்று வார அறிமுகப் பயிற்சியை ஏ.ஐ.சி.டி.இ. வகுத்திருக்கிறது. அதில் ஒரு முற்பகலை இக்காரியத்துக்கு ஒதுக்கி, கணினி ஆய்வுக்கூடத்தில் ஒவ்வொரு மாணவரும் தம் கையாலேயே கடவுச்சொல்லை மாற்றி, இரண்டாம் அடுக்கை அமைத்து, ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு கடிதம் எழுதி, வேண்டுமென்றே தவறான முகவரிக்கு ஒன்றை அனுப்பி, திரும்பி வந்த அறிக்கையை வாசித்துப் பொருள் சொல்லும்படி செய்யட்டும். கலை, அறிவியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் இதைப் பின்பற்றலாம். புதிய செலவு எதுவும் இல்லை. உதவி கேட்க வேண்டிய முகவரி இன்னது, பதில் சொல்லும் மனிதர் இன்னார் என்று தமிழில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கணக்கை மூடுவதற்கு ஆறு மாதம் முன்பாகவே, ஒருமுறைக்கு மும்முறை எச்சரிக்கட்டும். முகவரியைக் கொடுத்த கல்லூரி, அதை ஆளும் ஆற்றலையும் சேர்த்துக் கொடுத்தாலன்றிக் கொடை முழுமை பெறாது. வரும் கல்வியாண்டின் அறிமுகப் பயிற்சிக்கு நிகழ்ச்சி நிரல் தயாரிக்கும் பேராசிரியர்கள், அந்த ஒரு முற்பகலை இப்போதே அதில் குறித்துவைக்க வேண்டும்.